சாவ் பாவ்லோவில் பெரிய ஜூ-ஜிட்சு பள்ளி ஒன்றில் விருந்தாளியாகப் பயிற்சி: போகலாமா, எப்படிப் போவது?

தோல்தொழில் – ராணிப்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்கிறேன். பிரேசிலின் தெற்கே நோவோ ஹம்புர்கோ என்ற ஊரில் ஆண்டுதோறும் ஃபிமெக் என்ற தோல், காலணித் துறைக் கண்காட்சி நடக்கிறது. கம்பெனி இந்த முறை என்னையும் அனுப்புகிறது. வேலை முடிந்து திரும்பும் வழியில் சாவ் பாவ்லோவில் சில நாள் எனக்கென்று கிடைக்கும். ஊர் சுற்றிப் பார்ப்பதைவிட அங்கே ஒரு நல்ல ஜூ-ஜிட்சு (எதிராளியைத் தரையில் மடக்கும் மல்லுக்கட்டுக் கலை) பள்ளியில் மேட்டில், அதாவது பயிற்சி மெத்தையில், இறங்க வேண்டும் என்பதுதான் ஆசை.

நான் பயிற்சி செய்வது காட்பாடியில், ஒரு மண்டபத்தின் மேல்மாடியில். ஈவா மேட், இரண்டு மின்விசிறி. கத்திரி வெயிலில் மேட்டே வியர்க்கும். பெல்ட் வரிசை வெள்ளை, நீலம், பர்ப்பிள், பிரவுன், கறுப்பு. எங்களில் உயர்ந்த பெல்ட் பர்ப்பிள். நான் வெள்ளை பெல்ட், இரண்டு ஸ்ட்ரைப் (பெல்ட்டுக்குள் முன்னேற்றம் காட்டும் பட்டை). முடிந்தபோதெல்லாம் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்துப் பெங்களூர் போய் ஓபன் மேட்டில் (பாடம் இல்லாமல் சேர்ந்து மல்லுக்கட்டிப் பழகும் நேரம்) கலந்துகொள்வேன்.

உலக சாம்பியன்கள் பயிற்சி செய்யும் இடத்துக்கு என்னைப் போன்ற வெள்ளை பெல்ட் போகலாமா, நீலம் வாங்கிய பிறகு போவதுதான் முறையா? முன்கூட்டியே எழுத வேண்டுமா? ஒன்றிரண்டு வகுப்புக்காக இவ்வளவு மெனக்கெடுவது தகுமா? போர்ச்சுகீஸ் ஒரு வார்த்தை தெரியாது. போய் வந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

பாலாறு_பர்ப்பிள் – காட்பாடி

தம்பி, நீலம் வரும்வரை காத்திருக்காதே. இப்போதே போ.

இந்தக் கலையே ஊர் ஊராகப் போன ஒரு மனிதரால் பிரேசிலுக்கு வந்ததுதான். கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைச் சேர்ந்த மிட்சுயோ மாயேதா 1904இல் ஜப்பானை விட்டுக் கிளம்பி, அமெரிக்கா, ஐரோப்பா, கியூபா, மெக்சிகோ என்று மல்லுக்கட்டிக்கொண்டே சுற்றி, 1914இல் பிரேசிலில் இறங்கினார். பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி 1925இல் ரியோவில் பள்ளி தொடங்கினார். 1951இல் மசாஹிகோ கிமுரா ரியோவுக்கே போய், மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசியின் தோள்பட்டையைத் திருகி வென்றார். தோற்ற பக்கம் அந்தப் பிடியை வெறுக்கவில்லை. கிமுரா என்றே பெயர் வைத்துத் தங்கள் பாடத்தில் சேர்த்துக்கொண்டது. வெளியூர்க்காரன் வந்து கற்பதும் கற்றுக்கொடுப்பதும் அவர்களுக்குப் புதிதில்லை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல காலம் அங்கே அறிமுகமில்லாத ஒருவன் பள்ளி வாசலில் நின்றால் சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கிரேசி குடும்பம் செய்தித்தாளிலேயே சவால் விளம்பரம் கொடுத்தது. 1980களில் லூட்டா லிவ்ரே என்ற மல்யுத்தக் குழுவினரோடு பகை முற்றி, ரிக்சன் கிரேசியும் ஹுகோ துவார்த்தேயும் ரியோ கடற்கரை மணலிலேயே கட்டிப் புரண்டார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. பெரும்பாலான பள்ளிகள் விருந்தாளிகளைச் சந்தோஷமாக வரவேற்கின்றன. என்றாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பவனை ஓரக்கண்ணால் பார்க்கும் பழக்கம் பழைய பள்ளிகளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் உண்டு. அதனால் இரண்டு வாரம் முன்பே எழுதிவிடு. பெயர், பெல்ட், யாரிடம் கற்கிறாய், எந்தத் தேதிகளில் வருவாய், எந்த வகுப்பு உனக்குப் பொருந்தும், கட்டணம் எவ்வளவு, எந்த நிற கி (பயிற்சி உடை) போட வேண்டும். இவ்வளவு போதும். உன் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டுப் போ. அணி விட்டு அணி தாவுவதை அங்கே பெரிய துரோகமாகப் பார்த்த தலைமுறை இன்னும் மேட்டில் இருக்கிறது. ஆசிரியர் அனுமதியோடு வந்தவன் என்றால் அவர்கள் முகமே மாறும்.

உடை விஷயத்தில் கவனமாக இரு. கிரேசி பார்ரா பள்ளிகளில் அவர்களுடைய சொந்த கி போடுவதுதான் விதி. வேறு சில இடங்களில் வெள்ளை கி மட்டும்தான். வெள்ளை ஒன்று, ராஷ் கார்டு (உடம்போடு ஒட்டிய மேல்சட்டை) ஒன்று எடுத்துப் போனால் எங்கேயும் சமாளிக்கலாம். மேலே எங்கள் மண்டபத்துப் பேட்ச் இருந்தால் இருக்கட்டும், பிரிக்க வேண்டாம்.

சத்துவாச்சாரி_இரும்பு – வேலூர்

நான் ஜூ-ஜிட்சுக்காரன் இல்லை, பளுதூக்குபவன். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

எங்கள் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அவர் தொடங்கியது உள்ளூர்க் கூடத்தில். வருடக்கணக்காகத் தினமும் கம்பியைத் தொட்டதால் வந்த தங்கம் அது. வெளிநாட்டுப் பெரிய கூடத்தில் ஒரு நாள் நின்று படம் எடுத்துக்கொண்டதால் வந்ததில்லை. ராணிப்பேட்டை நண்பர் அங்கே செலவழிக்கப் போகும் பணத்தில் பெங்களூரிலோ சென்னையிலோ பல மாதம் கறுப்பு பெல்ட்காரரிடம் முறையாகக் கற்கலாமே. உடம்பு பழகுவது தொடர்ச்சியால்தான். ஒரு வகுப்பில் என்ன மாறிவிடும்? மனம் புண்படச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

பாலாறு_பர்ப்பிள் – காட்பாடி

நியாயமான கேள்வி அண்ணா. வேலை விட்டு, கடன் வாங்கி, இதற்கென்றே ஒருவன் பிரேசில் போகிறேன் என்றால் நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன். தம்பிக்கு டிக்கெட் கம்பெனி போடுகிறது. கூடுதல் செலவு வகுப்புக் கட்டணமும் சில நாள் தங்கும் செலவும்தான்.

ஒரு வகுப்பில் உடம்பு மாறாது, ஒத்துக்கொள்கிறேன். கண் மாறும். எங்கள் மாடியில் பத்துப் பேருக்குள் உருண்டு, அதாவது மல்லுக்கட்டிப் பழகிக் கொண்டிருந்தால் எல்லோருக்கும் ஒரே பழக்கம் வந்துவிடுகிறது. நான் இடது பக்கம் கார்டு பாஸ் செய்வதால் (கீழே இருப்பவரின் கால் தடுப்பைத் தாண்டுவது) எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் இடது பக்கம் தடுப்பதில் கெட்டிக்காரர்கள். வலது பக்கம் யாராவது வந்தால் திணறுகிறார்கள். இது வெளியே போய் வந்தால்தான் தெரியும். அதற்கு பெங்களூரே போதும் என்றால், ஆமாம், பாதி போதும். மீதிப் பாதி, நல்ல பள்ளி ஒரு வகுப்பை எப்படி அடுக்குகிறது என்று நேரில் பார்ப்பது.

லண்டன்_காட்பாடி

விஐடியில் படித்தபோது இதே குழுவில் இருந்தவன், இப்போது லண்டனில் வேலை. ரோஜர் கிரேசி 2004இல் தொடங்கிய பள்ளியில் விருந்தாளியாகப் போயிருக்கிறேன். அவர் பத்து முறை உலக சாம்பியன். 2009 உலகப் போட்டியில் தன் எடைப் பிரிவிலும் திறந்த பிரிவிலும் எதிரே வந்த அத்தனை பேரையும் ஒரே பிடியில் டேப் செய்ய, அதாவது தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள, வைத்தார். மவுன்ட்டிலிருந்து (எதிராளியின் மேல் ஏறி உட்கார்ந்த நிலை) கிராஸ் காலர் சோக் (உடையின் காலரைப் பிடித்துக் கழுத்தை நெரிப்பது). வெள்ளை பெல்ட்காரருக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பிடி. எதிராளிக்கும் அதுதான் வரப்போகிறது என்று தெரியும், அப்படியும் தடுக்க முடியவில்லை.

அங்கே போகும்போது ஏதோ ரகசிய நுட்பம் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். நான் போன நாளில் சொல்லிக்கொடுத்தது அதே காலர் சோக்தான். ஆனால் முதல் கையை மட்டும் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பேசினார்கள். நான்கு விரல் காலருக்குள்ளே, கை கழுத்தின் பின்பக்கம் வரை ஆழமாகப் போக வேண்டும், அது போகும் வரை இரண்டாவது கையை நினைக்கவே கூடாது. எதிராளி அந்த முதல் கையைத் தடுக்கப் பதறும்போது மவுன்ட்டில் எடையை எங்கே வைப்பது. ஒரு பிடியை இவ்வளவு பொறுமையாகப் பிரித்துப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய லாபம்.

நியூயார்க் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மன்ஹாட்டனில் பென் ஸ்டேஷன் பக்கத்தில் ரென்சோ கிரேசியின் பள்ளி நிலவறையில் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்க நியூசிலாந்திலிருந்து வந்த ஜான் டேனஹர் பல ஆண்டுகள் அங்கே கற்பித்துத்தான் கால் பிடிகளைத் தனிப் பாடமாகவே வளர்த்தார். இப்போது அவர் அங்கே இல்லை, டெக்சஸில் ஆஸ்டினில் இருக்கிறார். யார் பெயரைக் கேட்டுப் போகிறோமோ அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, நாம் போகும் வாரத்தில் ஊரில் இருப்பாரா என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். பெரிய ஆசிரியர்கள் செமினார், போட்டி என்று பறந்துகொண்டே இருப்பார்கள்.

பாகாயம்_மருத்துவர்

தோல்தொழில் நண்பரே, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அந்தச் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு ஊசி போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும்போது தனிமைப்படுத்திவிடுவார்கள். எல்லா மருத்துவமனையிலும் இது போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால் ஊசி போடும் முன் அங்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தோல். உங்கள் தொழில் தோல் இல்லை, உங்கள் சொந்தத் தோல். மேட்டில் உருள்கிறவர்களுக்குப் படர்தாமரை வருவது சகஜம். நம் ஊரில் இது மோசமாகப் பரவ ஒரு காரணம், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தடவியதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். வட்டமாகத் தடிப்போ செதிலோ தெரிந்தால் தோல் மருத்துவரைப் பார்த்து, முழுதாக ஆறிய பிறகே மேட்டில் இறங்குங்கள். அடுத்தவர் பள்ளிக்குப் போய் நோயை விட்டுவிட்டு வருவதைப் போல மரியாதைக்கேடு வேறில்லை. நகம் வெட்டிக்கொள்ளுங்கள். துவைக்காத கியை இரண்டாம் நாள் போடாதீர்கள். கழிவறைக்குச் செருப்போடு போங்கள், மேட்டுக்கு வெறுங்காலோடு வாருங்கள்.

சாவ் பாவ்லோவுக்கும் நமக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். உறக்கம் கெட்ட உடம்பு மெதுவாகத்தான் எதிர்வினை காட்டும், டேப் செய்யவும் தாமதமாகும். சோக் சரியாக விழுந்தால் கழுத்தின் இரண்டு பக்கத் தமனிகளும் அழுந்தி, பத்து விநாடி அளவிலேயே மயக்கம் வந்துவிடும். ஆகவே இறங்கிய அன்றே முழு வேகத்தில் உருள வேண்டாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தால் அன்று பயிற்சி கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். பயணக் காப்பீட்டில் மல்லுக்கட்டும் விளையாட்டுகளுக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும்.

குடியாத்தம்_செவிலி – அபுதாபி

மருத்துவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பெண்களுக்காகச் சில வார்த்தைகள் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த இழையை நம் ஊர்ப் பெண்களும் படிப்பார்கள்.

நான் வேலைக்கு வந்த இடம் அபுதாபி. இங்கே 2008 முதல் பள்ளிக்கூடங்களிலேயே ஜூ-ஜிட்சு பாடமாக இருக்கிறது. 2009 முதல் உலகப் புரொஃபெஷனல் போட்டி நடக்கிறது. பெண்களுக்குத் தனி வகுப்பு தேடினால் கிடைக்கும். குடியாத்தத்தில் கபடி ஆடவே வீட்டில் சண்டை போட வேண்டியிருந்த எனக்கு, தலையை மறைத்த பதினாறு வயதுப் பெண் என் கையை ஆர்ம்பாரில் (முழங்கையை மடக்கும் பிடி) நீட்டிவிட்டுச் சிரித்தது பெரிய அதிசயமாக இருந்தது.

விடுமுறையில் வேறு நாடுகளில் கலப்பு வகுப்புகளுக்கும் போயிருக்கிறேன். ஒரு பள்ளியில் என்னைவிட மிகவும் கனமான ஒருவர், விருந்தாளி என்றும் பாராமல், முழு எடையையும் என் விலா மேல் போட்டு அழுத்தினார். பயிற்சியாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிப் பெயர் வேண்டாம். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வகுப்பு தொடங்கும் முன் ஆசிரியரிடம் போய் என் எடை, எத்தனை காலமாகப் பயிற்சி, எங்கே பழைய காயம் என்று சொல்லி, முதல் ரோலுக்கு (மல்லுக்கட்டும் சுற்றுக்கு) யாரோடு போகலாம் என்று அவரையே கேட்பேன். நல்ல ஆசிரியர் உடனே ஒருவரைக் கூப்பிட்டுச் சேர்த்துவிடுவார். அந்த ஒரு கேள்விக்கு அவர் தரும் பதிலிலேயே பள்ளியின் குணம் தெரிந்துவிடும். யாரோடு உருள மனம் ஒப்பவில்லையோ அவரிடம் "இந்த ரவுண்டு ஓய்வு" என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது ஆண்களுக்கும் பொருந்தும்.

தோல்தொழில் – ராணிப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. தடுப்பூசி விஷயம் எங்கள் கம்பெனியில் யாரும் சொல்லவில்லை, மருத்துவருக்குத் தனி நன்றி. கிண்டியில் நாள் வாங்கிவிட்டேன்.

பள்ளி தேர்வில்தான் குழப்பம். சாவ் பாவ்லோவில் ஃபாபியோ குர்ஜெலின் அலையன்ஸ் பள்ளி இருக்கிறது. சிசெரோ கோஸ்தாவின் பள்ளியும் அதே ஊரில்தான். பாலாறு அண்ணா, எது?

பாலாறு_பர்ப்பிள் – காட்பாடி

இரண்டும் இரண்டு விதம். அலையன்ஸ் 1993இல் உருவான அணி. உலகப் போட்டியில் அணிப் பட்டத்தைப் பத்து முறைக்கு மேல் வென்றிருக்கிறது. புதியவர், தேர்ந்தவர் என்று வகுப்புகளைப் பிரித்து, ஒழுங்கான பாடத்திட்டத்தோடு நடத்துவதில் பெயர் எடுத்தவர்கள். வெள்ளை பெல்ட்டுக்கு அது பாதுகாப்பான வாசல்.

சிசெரோ கோஸ்தாவின் இடத்தைப் பற்றி நினைக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கும். பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குச் சமூகத் திட்டமாக நடத்தி, அதிலிருந்தே உலக சாம்பியன்களை எழுப்பியவர். லியாந்த்ரோ லோ அப்படி வந்தவர்தான். ஐந்து வெவ்வேறு எடைப் பிரிவுகளில் எட்டு உலகப் பட்டம். 2022 ஆகஸ்ட்டில் சாவ் பாவ்லோவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மியாவோ சகோதரர்கள் ஜோவாவும் பாவ்லோவும் அதே கூட்டத்தில் வளர்ந்தவர்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஷெட்டுகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மேட் போட முடியுமா என்று நான் பல வருடமாக யோசிப்பது இவரைப் பார்த்துத்தான்.

இரண்டு பக்கமும் எழுது. வெள்ளை பெல்ட் விருந்தாளிக்கு எந்த வகுப்பு என்று யார் தெளிவாகப் பதில் தருகிறார்களோ அங்கே போ. ஒன்று மட்டும் சொல்கிறேன். போகும்போது இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போ. இங்கே உருளும்போது நீ மாட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து வரும் கேள்விகளாக இருக்கட்டும். இணையத்தில் பார்த்த வித்தையைப் பற்றிக் கேட்காதே.

லண்டன்_காட்பாடி

ஒரு சேர்க்கை. கால் பிடிகளில் கை வைக்காதீர்கள், குறிப்பாக ஹீல் ஹூக் (குதிகாலைத் திருகும் பிடி). முழங்கால் தசைநார் போன பிறகுதான் வலியே தெரியும். சர்வதேச பிரேசிலிய ஜூ-ஜிட்சு சம்மேளனமான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி கி போட்டியில் அது யாருக்கும் கிடையாது. நோ-கியில் (கி இல்லாத போட்டி) பிரவுன், கறுப்பு பெல்ட் வயதுவந்தோருக்கு மட்டும் 2021இல் அனுமதித்தார்கள். விருந்தாளி வெள்ளை பெல்ட் அதை முயன்றால் மேட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வீடியோ எடுப்பதென்றால் ஆசிரியரிடமும் உங்களோடு உருண்டவரிடமும் கேட்ட பிறகு.

தோல்தொழில் – ராணிப்பேட்டை

போய் வந்துவிட்டேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

பள்ளிப் பெயரைப் பொதுவில் போடவில்லை. என்னோடு உருண்டவர்களைப் பற்றி எழுதப் போவதால் அவர்களைக் கேட்காமல் அது சரியில்லை. சுவர் முழுக்க உலகப் போட்டிப் படங்கள் இருக்கும் பள்ளி என்பது போதும்.

கண்காட்சி வேலை முடிந்து, போர்டோ அலெக்ரேயிலிருந்து விமானம் ஏறி சாவ் பாவ்லோ சேர்ந்தேன். மருத்துவர் சொன்னபடி முதல் நாள் இறங்கவில்லை. உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். இது யாரும் எனக்குச் சொல்லாத யோசனை, எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். எங்கே செருப்பு கழற்றுகிறார்கள், யார் எங்கே வரிசையில் நிற்கிறார்கள், நடுவில் தண்ணீர் குடிக்கப் போகும்போது ஆசிரியரைக் கேட்கிறார்களா, எல்லாம் கண்ணில் பட்டுவிடும். அடுத்த நாள் புதியவன் என்ற தடுமாற்றமே இல்லாமல் நின்றேன்.

உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து, கட்டணம், அப்புறம் பெல்ட் வரிசை. வெள்ளை பெல்ட் என்பதால் கடைசியில் நின்றேன். பக்கத்தில் நின்ற பையன் என் பேட்ச்சைத் தொட்டு எந்த ஊர் என்று கேட்டான். போன் படத்தில் வேலூர்க் கோட்டையையும் அகழியையும் காட்டினேன். வகுப்பு முடிவதற்குள் அந்தப் படம் பாதிப் பேர் கைக்குப் போய் வந்துவிட்டது.

வார்ம்-அப் குறைவு. நாங்கள் மாடியில் அரை மணி நேரம் ஓடித் துள்ளிக் களைத்துப் போவோம். அங்கே இடுப்பை நகர்த்துவது, எழுந்து நிற்பது என்று கார்டில் தேவைப்படும் அசைவுகளே வார்ம்-அப். அன்றைய பாடம் குளோஸ்டு கார்டை (கீழே இருப்பவர் கால்களால் நம் இடுப்பைப் பூட்டும் நிலை) எழுந்து நின்று திறப்பது. எனக்கு உள்ளே ஒரு துள்ளல், ஏனென்றால் என் முதல் கேள்வியே அதுதான். நான் எழும்போதெல்லாம் எதிராளி காலை உள்ளிருந்து கொக்கி போட்டுக் கவிழ்த்துவிடுகிறார். ஆசிரியர் வந்து என் கையைப் பிடித்துக் காட்டினார். எதிராளியின் ஒரு சட்டைக் கையைப் பிடித்து அவர் வயிற்றோடு அழுத்து. எந்தப் பக்கக் கையை அழுத்தியிருக்கிறாயோ அந்தப் பக்கக் காலை முதலில் ஊன்று. அந்தக் காலைக் கொக்கி போட அவருக்குக் கையே இல்லை. நான் இத்தனை நாளும் மற்றக் காலை முதலில் ஊன்றிக்கொண்டிருந்தேன். மொழி ஒரு தடையாகவே இல்லை, அவர் பேசியது போர்ச்சுகீஸ், என் கால் புரிந்துகொண்டது.

இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது அடுத்து நடந்தது. சொல்லிக்கொடுத்ததும் நேராக ரோலுக்கு விடவில்லை. சிலர் கீழே படுத்து கார்டு போட்டுக் காத்திருக்கிறார்கள். மற்றவர்கள் சுவரோரம் வரிசை. மேலே வருபவர் கார்டைத் திறந்து தாண்ட வேண்டும், கீழே இருப்பவர் கவிழ்க்கவோ டேப் வாங்கவோ வேண்டும். யார் வென்றாலும் அங்கேயே நிறுத்தம், தோற்றவர் வரிசைக்கு, அடுத்தவர் உள்ளே. ஒரே நிலையை, முழு எதிர்ப்போடு, வெவ்வேறு உடம்புகளோடு திரும்பத் திரும்பச் செய்கிறோம். ஒல்லியான நீல பெல்ட் பெண் என்னை இரண்டு நொடியில் கவிழ்த்தாள். தலை நரைத்த பிரவுன் பெல்ட் ஒருவர் நான் சரியான காலை ஊன்றும்வரை விட்டுக்கொடுத்து, ஊன்றியதும் தலையசைத்து, அப்புறம்தான் கவிழ்த்தார்.

கடைசியில் முழு ரோல். குடியாத்தம் அக்கா சொன்னபடி யாரோடு போகலாம் என்று ஆசிரியரையே கேட்டேன். ஒரு கறுப்பு பெல்ட்டைக் காட்டினார். அவர் பலமே போடவில்லை. நான் எங்கே போக நினைக்கிறேனோ அங்கே அவர் முன்பே இருந்தார். டேப், மறுபடி டேப். முடிந்ததும் என்னை மண்டியிட வைத்து, நான் கழுத்தைத் திறந்து விடும் இடத்தைக் கைவைத்துக் காட்டினார். எல்லோரும் வரிசையாக நின்று ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினோம்.

சத்துவாச்சாரி அண்ணா, ஒரு வகுப்பில் என்ன மாறும் என்று கேட்டீர்கள். என் ஜூ-ஜிட்சு பெரிதாக மாறவில்லை. ஆனால் நாங்கள் மாடியில் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதை இனி என்னால் பழைய மாதிரி பார்க்க முடியாது. அந்த வரிசைப் பயிற்சிக்குக் கறுப்பு பெல்ட் தேவையில்லை, பெரிய இடம் தேவையில்லை. பத்துப் பேர் போதும்.

சத்துவாச்சாரி_இரும்பு – வேலூர்

முழுவதும் படித்தேன். தினப் பயிற்சிதான் முக்கியம் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் நீங்கள் கொண்டுவந்திருப்பது தினப் பயிற்சியை மாற்றும் விஷயம், அதை மதிக்கிறேன். நாங்களும் ஸ்னாட்ச்சை (பளுவை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) அப்படியே முழுதாகத் தூக்கிக்கொண்டே இருப்பதில்லை. முட்டிக்கு மேலிருந்து மட்டும், தொடையிலிருந்து மட்டும் என்று பிரித்துத்தான் இழுப்போம். உங்கள் மாடிக்கு ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

பாலாறு_பர்ப்பிள் – காட்பாடி

தாராளமாக வாருங்கள் அண்ணா. இழுப்புப் பலம் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தர நிறைய இருக்கிறது.

தம்பி, இந்த ஞாயிறு காலை வகுப்பை நீதான் நடத்துகிறாய். வார்ம்-அப்பைக் குறைத்துவிடலாம். குளோஸ்டு கார்டு திறப்பது, அப்புறம் நீ சொன்ன வரிசை. இரண்டு பேர் கீழே, மற்றவர்கள் சுவரோரம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே மேட் விரித்துவிடுவோம்.

ஆரணி_வெள்ளை

நான் புதியவன். அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குச் சிங்கப்பூர் போகிறேன், அங்கேயும் பெரிய பள்ளிகள் இருக்கின்றனவாம். சேர்ந்து சில வாரம்தான் ஆகிறது, விழுவது எப்படி என்றே இப்போதுதான் கற்கிறேன். நான் போகலாமா?

குடியாத்தம்_செவிலி – அபுதாபி

போகலாம் தம்பி. புதியவர்களுக்கான வகுப்பா என்று எழுதிக் கேட்டுக்கொள். ரோல் வேண்டாம், பயிற்சி மட்டும் செய்கிறேன் என்று முன்பே சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். டேப் செய்யத் தெரியுமா உனக்கு? கையால் இரண்டு முறை தட்டு. கை சிக்கியிருந்தால் காலால் மேட்டைத் தட்டு. அதுவும் முடியாவிட்டால் வாயால் சத்தமாகச் சொல். கிளம்பும் முன் ஒரு ஞாயிறு காட்பாடிக்கு வந்து பாலாறு அண்ணாவிடம் அதை ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போ. ஆரணியிலிருந்து முதல் பேருந்து பிடித்தால்தான் ஆறு மணி வகுப்புக்கு வர முடியும், அதையும் விசாரித்துக்கொள்.